தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்கட்டும்

நண்பர்களே, வணக்கம். இணையதளச் செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் தலைப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நவம்பர் மாதம். விடிய விடிய மழை. திருவாரூரில் ஒரு தாய் காலை ஐந்தரை மணிக்கு போனை எடுக்கிறார். பிள்ளைக்குச் சோறு கட்டுவதா வேண்டாமா என்பது அவருக்குத் தெரிய வேண்டும். 'திருவாரூர் பள்ளி விடுமுறை' என்று தேடுகிறார். வந்து நிற்பது, 'மாணவர்களுக்கு ஹேப்பி நியூஸ்! கலெக்டர் அதிரடி அறிவிப்பு'. எந்த மாவட்டத்துக் கலெக்டர்? திறந்து, நாலு பத்தி மழை வர்ணனையைத் தாண்டினால், நாகப்பட்டினமாம்! அந்தத் தாயின் நேரத்தைத் திருடியிருக்கிறோம். இதற்கு வேறு பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருக்கு வேண்டிய தலைப்பு இது: 'திருவாரூர் மாவட்டப் பள்ளிகளுக்கு நவ. 27 விடுமுறை: கலெக்டர் அறிவிப்பு'. 'இன்று விடுமுறை' என்று ஏன் போடவில்லை? தேடினால் நேற்றைய பக்கமும்தான் வரும். நேற்று எழுதிய 'இன்று', இன்றைக்குப் படிப்பவரை ஏமாற்றிவிடும்.

அச்சுப் பத்திரிகையில் தலைப்புக்குத் துணை உண்டு. பக்கத்திலேயே படம், கீழே துணைத்தலைப்பு, மேலே மாவட்டத்தின் பெயர். 'மூழ்கியது!' என்று ஒற்றைச் சொல் போட்டாலும் வாசகருக்குப் புரியும். கூகுளில் உங்கள் தலைப்பு மற்றவர்களின் தலைப்புகளுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கிறது. யார், எங்கே, என்ன என்பதை அதுவே சொல்லியாக வேண்டும்.

அதிலும் முழுத் தலைப்பும் தெரியும் என்று நம்பாதீர்கள். கூகுள் எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. ஆங்கிலத்துக்கு அறுபது எழுத்து என்று சொல்லும் கணக்கு நமக்கு ஒத்துவராது. 'ணை', 'கொ' போன்றவை எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பாருங்கள். அதனால் ஊரும் பெயரும் முன்னால் வரட்டும். 'அதிரடி', 'பரபரப்பு' எல்லாம் வெட்டுப்பட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

பெரும்பாலான தளங்களில் பக்கத்துக்கு ஒரு தலைப்பும், தேடலுக்கு டைட்டில் டேக்கில் (பக்கத்தின் நிரலில் தலைப்புக்கென்றே உள்ள இடத்தில்) இன்னொன்றும் கொடுக்கலாம். பக்கத்தில் கொஞ்சம் அழகாக எழுதுங்கள், தடையில்லை. ஆனால் இரண்டும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும். 'திருவாரூர் மழை, திருவாரூர் பள்ளி, திருவாரூர் லீவ்' என்று அடுக்கி வைத்தால் கூகுள் அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்திலிருந்து வேறொரு தலைப்பைத் தானே எடுத்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் இந்த முறையை மாற்றினார்கள். டைட்டில் டேக்கை ஏறக்குறைய 87 சதவீத இடங்களில் பயன்படுத்துவதாக அடுத்த மாதமே அறிவித்தார்கள். மீதி இடங்களில் நம் பக்கத்துக்குத் தலைப்பு வைப்பது கூகுள்தான்.

கடைசியாக, பக்கத்தின் முகவரி. அதைத் தமிழில் வைத்தால், வாட்ஸ்அப்பில் பகிரும்போது பல நேரம் சதவீதக் குறிகளும் எண்களுமாக நீண்டுவிடுகிறது. தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தேடுகிறவர்களும் ஏராளம். ஆகவே முகவரியில் மட்டும் ஊர்ப் பெயரையும் விஷயத்தையும் ஆங்கில எழுத்தில், நாலைந்து சொல்லுக்குள் வையுங்கள்.