லாரி எண்ணும் நிபந்தனை எதிர்பார்ப்பும்

தலைமை வகிக்கும் டத்தோ அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த ஆலயத் தலைவர் அவர்களே, மாலை போட வேண்டாம் என்றும் கேட்காத செயலாளர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பினாங்குப் பெற்றோர்களே, வணக்கம்.

நிபந்தனை எதிர்பார்ப்பு என்றால் என்ன, ரஷ்யக் கணித மேதை கொல்மோகொரோவ் 1933இல் அதற்கு எப்படி இலக்கணம் வகுத்தார், காப்புறுதிக் கணக்கில் அது எங்கே வருகிறது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.’ முதலில் அளப்போம்.

நாலு நம்பர் என்கிற நாலிலக்கப் பரிசுக் குலுக்கலில் பத்தாயிரம் எண்கள். ஒரு ரிங்கிட் கட்டினால் முதல் பரிசு 2,500 ரிங்கிட் என்று வையுங்கள். மற்றப் பரிசுகளை விடுங்கள். 2,500ஐப் பத்தாயிரத்தால் வகுத்தால் 25 காசு. அதுதான் எதிர்பார்ப்பு.

குலுக்கல் முடிந்தது, விழுந்த எண் 7இல் தொடங்குகிறது என்று மட்டும் ஒருவர் காதில் ஓதுகிறார். உங்கள் எண்ணும் 7இல் தொடங்கினால், போட்டியில் மிச்சம் ஆயிரம் எண்கள்தான். எதிர்பார்ப்பு 2 ரிங்கிட் 50 காசு. தொடங்காவிட்டால் சுழியம். தகவலுக்கேற்ப மாறும் இந்த மதிப்புதான் நிபந்தனை எதிர்பார்ப்பு. அதுவும் ஒரு சமவாய்ப்பு மாறிதான், அதாவது குலுக்கலைப் பொறுத்து மதிப்பு மாறும் ஓர் அளவு. பத்தில் ஒரு தடவை 2.50, ஒன்பது தடவை சுழியம். சராசரி எடுங்கள், பழைய 25 காசே வந்து நிற்கும்!

இனி லாரிக் கதை. பட்டர்வொர்த் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்தது. போலீஸ் வருமுன் நம்ம ஆட்கள் வந்துவிட்டார்கள். டிரைவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் ஒருவர். நாலு நம்பரில் கட்ட, எண் பலகையைப் பார்த்து உள்ளங்கையில் எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேனா இல்லை. எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் பறந்தார். வழியில் யாரோ “மணி என்னண்ணே?” என்று கேட்க, எண்ணோடு மணி கலந்துவிட்டது! கலந்ததையே கட்டினார். விழவில்லை. “அந்தப் பய மணி கேட்டுக் கெடுத்துட்டான்” என்று ஒரு வாரம் புலம்பினார். அவருடைய அம்மா கேட்டார்: “வரப்போறது தெரிஞ்ச லாரி, ஏன்டா கவிழுது?”

(கைதட்டல்)

அந்தப் பாட்டி சொன்னதுதான் கணிதம். லாரியும் குலுக்கலும் ஒன்றையொன்று சாராதவை. சாராத தகவல் கிடைத்தாலும் எதிர்பார்ப்பு அதே 25 காசு. கனவில் வந்த எண்ணுக்கும் அதேதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

அளக்க யார் கற்றுத் தருவது? படிவம் நான்கில் கூடுதல் கணிதம் என்றாலே “கஷ்டம், வேண்டாம்” என்று பிள்ளையைத் தடுப்பவர்கள் நாம்தான். பின்னே காப்புறுதிக் கணக்காளர் வேலைக்கு நம் பிள்ளை எப்படிப் போவான்? ஞாயிறுதோறும் இதே மண்டபத்தில் இலவச வகுப்பு நடத்துகிறோம். நம்பர் கடைக்குப் போகும் காசில் ஒரு பங்கை வெண்பலகைக்குத் தாருங்கள்.

செயலாளர் மணியடிக்கிறார். கொல்மோகொரோவ் இன்னொரு நாள் வருவார், காப்புறுதிக் கணக்கோடு. பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கிறது. முதல் பெயராக டத்தோ தம் பேரன் பெயரை எழுதுவார். அவரிடம் இன்னும் கேட்கவில்லை, மேடையில் வைத்துக் கேட்டால் மறுக்கமாட்டார் என்று இருக்கிறேன்.