வீட்டில் பதிந்த குறுந்தகடுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

நோட்டுத்தாளைக் கிழித்து, பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "வெள்ளிக்கிழமை வா தம்பி" என்பார் கடைக்காரர். வெள்ளிக்கிழமை போனால் கேசட் தயாராக இருக்கும். ஆனால் நாம் எழுதிய வரிசை இருக்காது. சில பாட்டு அவரிடம் கிடைத்திருக்காது, அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்த வேறு பாட்டு இருக்கும். சிக்ஸ்டி கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிடம்தானே, கடைசிப் பாட்டின் சரணம் பாதியில் நின்றுவிடும். மறுபக்கம் திருப்பிப் போட்டால் வேறு பாட்டு.

அந்த வரிசையை நானே வீட்டில் அமைக்க வேண்டும் என்ற ஆசை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. 2001இல்தான் அது நிறைவேறியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மச்சான் ஊருக்கு வரும்போது, அங்குள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைவளாகமான சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய சிடி ரெக்கார்டர் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார். அங்கேயும் 230 வோல்ட் என்பதால் டிரான்ஸ்பார்மர் தொல்லை இல்லை, பிளக்கை மாற்றினால் போதும்.

கம்ப்யூட்டரில் சிடி எழுதுவதைப் பற்றி நான் சொல்லவில்லை. இது தனி மெஷின். பார்வைக்கு டிவிடி பிளேயர் மாதிரி இருக்கும். பாட்டு சிடியைப் போட்டால் பாடும். வெற்று சிடியைப் போட்டு, பின்பக்கம் கேசட் டெக்கையோ ரேடியோவையோ இசைத்தட்டுப் பெட்டியையோ ஒயரில் இணைத்தால், அதிலிருந்து வருவதை எழுதிக்கொள்ளும். சிடி 1982இலேயே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அது தொழிற்சாலையில் அச்சடித்த தட்டு, நாம் கேட்கலாம், எழுத முடியாது. நாமே எழுதும் தட்டு வந்து, அதற்கான மெஷினும் வீட்டில் வைத்துக்கொள்ளும் விலைக்கு இறங்கியது 90களின் கடைசியில். பிலிப்ஸ் நிறுவனம் 1997இல் அப்படி ஒன்றை வெளியிட்டது.

மச்சான் தட்டு நாலு மட்டும்தான் கொண்டுவந்திருந்தார். அவை தீர்ந்ததும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 50 வெற்று சிடி உள்ள டப்பா ஒன்றை வாங்கி வந்தேன். ஒன்றைக்கூட மெஷின் ஏற்கவில்லை, போடப் போட வெளியே தள்ளியது. அவை கம்ப்யூட்டர் சிடிகள். வீட்டு ரெக்கார்டருக்கு 'டிஜிட்டல் ஆடியோ' என்று அச்சிட்ட தட்டுதான் வேண்டும். அதற்குள் ஒரு அடையாளக் குறி இருக்கிறது, மெஷின் அதைப் படித்துப் பார்த்துத்தான் எழுதும். பல நாடுகளில் அந்தத் தட்டின் விலையிலேயே இசைக்காரர்களுக்கான பங்கைச் சேர்த்திருந்தார்கள். விலை கூடுதல்தான். ஆனாலும் அந்த ஏற்பாடு நியாயம் என்றே எனக்குப் பட்டது. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஏதோ போய்ச் சேரட்டுமே.

சரி, தட்டு கிடைத்துவிட்டது. 74 நிமிடம் பிடிக்கும். அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம், கொஞ்சம் கூடினால் மூன்றரை. அதனால் பழைய பாட்டுகள் பலவற்றின் நீளமும் அவ்வளவுதான். அப்படிப்பட்டவை என்றால் ஒரு தட்டில் இருபதுக்கு மேல் வைக்கலாம்.

ஆனால் என் மெஷினில் 74 நிமிடம் பதிய 74 நிமிடமே ஆகும். பாட்டு ஓடும் வேகத்திலேயே பதியும். கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த மெஷினில் பிடித்ததே அதுதான். இன்றைக்கு இருநூறு பாட்டை ஒரு நொடியில் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம், கொடுத்தவரும் கேட்டிருக்க மாட்டார், வாங்கியவரும் கேட்க மாட்டார். நான் ஒருவருக்கு ஒரு சிடி பதிந்து கொடுத்தேன் என்றால், அதில் உள்ள ஒவ்வொரு பாட்டையும் அவருக்காக ஒரு முறை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

உட்கார்ந்து கேட்டால்தான் வரிசையும் அமையும். என் அப்பா பக்கத்தில் ஈசிசேரில் இருப்பார். "சோகப் பாட்டு முடிந்த கையோடு கும்மாளத்தை வைக்காதே, நடுவில் ஒரு நாதஸ்வரத்தை வைத்து ஆற விடு" என்பார். அவர் சொன்னபடி வைத்துப் பார்த்தேன். அந்தச் சோகப் பாட்டு அதற்கு முன் அவ்வளவு நேரம் மனசில் நின்றதில்லை.

பதியும்போது இன்னொன்று. சத்தத்தின் அளவு. கேசட்டில் முள் சிவப்பைத் தொட்டால் பரவாயில்லை, டேப் பொறுத்துக்கொள்ளும். சிடியில் மீட்டர் சைபரைத் தாண்டினால் பொரபொரவென்று உடைந்துவிடும், பிறகு சரிசெய்ய முடியாது. அதனால் பாட்டில் எங்கே சத்தம் அதிகமோ அந்த இடத்தை முதலில் ஓடவிட்டு, அதற்குத் தக்கபடி அளவை வைக்க வேண்டும். 50களின் பாட்டையும் 90களின் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இது ரொம்ப முக்கியம்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் அப்பத்தா பாடிய தாலாட்டு ஒன்று எங்களிடம் கேசட்டில் இருந்தது. 1984இல், ஊர் வீட்டுத் திண்ணையில், ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன்னைப் பக்கத்தில் வைத்து நான் பதிந்தது. என் அப்பா குழந்தையாக இருந்தபோது அவரைத் தூங்க வைத்த பாட்டு. அப்பத்தா காலமான பிறகு எல்லோரும் அதைக் கேட்டுக் கேட்டு டேப் தேய்ந்துகொண்டே வந்தது. 2003இல், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அதைச் சிடிக்கு மாற்ற உட்கார்ந்தேன்.

இந்த மெஷினுக்கு ஒரு பழக்கம் உண்டு. சத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கி இரண்டு மூன்று நொடி அப்படியே இருந்தால், பாட்டு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்கான எண்ணைப் போட்டுவிடும். சினிமாப் பாட்டுக்கு அது நல்ல வசதி. அப்பத்தா சினிமாப் பாட்டா பாடினார்? "ஆராரோ" என்று இழுத்துவிட்டு நிறுத்துவார். மூச்சு வாங்குவார். அடுத்த அடியை யோசிப்பார். பதிந்து முடித்துப் பார்த்தால் ஒரே தாலாட்டு 11 துண்டாகக் கிடந்தது. எழுதியதை அழிக்கவும் முடியாத தட்டு. நேராக ஓடவிட்டால் வித்தியாசம் தெரியாது. ஆனால் என் சித்தப்பா வீட்டு பிளேயரில் வரிசையைக் கலைத்துப் போடும் பட்டன் அமுங்கியே இருந்தது. அங்கே குழந்தை தூங்கிய பிறகு தொட்டில் கட்டினார்கள், அப்புறம் குழந்தை பிறந்தது.

இன்னொரு தட்டை எடுத்தேன். தானாக எண் போடுவதை நிறுத்திவிட்டு, பட்டனில் விரலை வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை பாட்டை விட அந்த இடைவெளிகளைத்தான் கவனித்தேன், எங்கே வெட்டியது என்று தெரிய வேண்டுமே. அப்போதுதான் கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவது கேட்டது. தாத்தாவின் இருமல் கேட்டது. 19 வருடமாக அந்தக் கேசட்டில் இருந்தவை, நான் கேட்டதே இல்லை.

இடைவெளிகளில் ஒன்று மட்டும் நீளம். தாலாட்டில் மாமன்மார் வரிசை வரும், உங்களுக்குத் தெரியும். மாமன் என்ன சீர் கொண்டுவந்தான், யார் அடித்தார் என்றெல்லாம் பாடுவார்கள். என் அப்பாவுக்கு மாமன் என்றால் அப்பத்தாவின் தம்பி. அந்தப் பெயர் வருவதற்கு முன்னால்தான் அவ்வளவு நேரம் நிற்கிறார். மூச்சு வாங்குவதும் கேட்கவில்லை. பிறகு பெயரைச் சொல்கிறார், குரல் இறங்கியிருக்கிறது. அத்தையை வரவழைத்துக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவரு மலேயாவுக்குக் கப்பலேறிப் போனவருடா, திரும்பி வரவே இல்லை" என்றார். எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் அது தெரியாது. மெஷின் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்த இடம் அது.

இரண்டாவது தட்டில் அந்த மௌனத்தைத் தொடவில்லை. தாலாட்டு முழுக்க ஒரே எண். அதற்குப் பின்னால் வேறெதையும் பதியவும் இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டே நிமிடம்தான் இருக்கிறது. மினிடிஸ்க் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். அதுவும் பாட்டுப் பதியும் தட்டுதான், 1992இல் வந்தது, உள்ளங்கைக்குள் அடங்கும். பதிந்த பாட்டை அழிக்கலாம், இடம் மாற்றலாம், இரண்டாக வெட்டிய துண்டை ஒட்டலாம். அது மட்டும் என்னிடம் இருந்திருந்தால் அந்த 11 துண்டையும் ஒட்டியிருப்பேன், மறுபடி உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டேன். சோனி அந்தக் கருவிகளை 2013இல் நிறுத்தியது. வெற்றுத் தட்டையும் 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது.

அவசியமானதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பதிந்த சிடி வைத்திருப்பவர்கள் அதை இன்றே சாதாரண பிளேயரில் போட்டுப் பாருங்கள். தட்டே இல்லை என்று காட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் 'ஃபைனலைஸ்' செய்யாமல் விட்டிருப்பீர்கள். எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியலைத் தட்டின் உட்புறத்தில் எழுதி முடிக்கும் வேலை அது. பதிந்த மெஷின் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள், லேசர் போய்விட்டால் சிரமம். தட்டை வெயிலில் வைக்காதீர்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஃபைனலைஸ் ஆகச் சில நிமிடம் பிடிக்கும், அது முடியும்வரை யாரும் சுவிட்சை அணைத்துவிடாமல் பக்கத்திலேயே இருங்கள். நன்றி, வணக்கம்.