கொழுப்புக்குள்ள ஒரு கிரீடம்

நேயர்களுக்கு வணக்கம். முள்ளு குத்துனா அந்த எடம் செவந்து வீங்கி சூடா இருக்கும்ல, அதத்தான் டாக்டருங்க அழற்சின்னு சொல்றோம். வலியும் இல்லாம, வெளிய ஒண்ணும் தெரியாம, அதே கூத்து தொப்பைக் கொழுப்புக்குள்ள வருஷக்கணக்கா நடக்கும்னா நம்புவீங்களா?

நாங்க படிக்கிறப்போ கொழுப்புன்னா எண்ணெய் ரொப்பி வெக்கிற டப்பா, அவ்ளோதான். 1993ல ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன்ங்கிற ஆராய்ச்சியாளருங்க எல்லாம் குண்டு எலிங்க கொழுப்புல டிஎன்எஃப் ஆல்பாங்கிற சிக்னல் நெறைய இருக்குறத பாத்தாங்க, கிருமி வந்தா எதிர்ப்பு செல்லுங்க விடுற சிக்னல் அது, கிருமியே இல்லாத எடத்துல அதுக்கென்ன வேலை? அத தடுத்தா எலிக்கு இன்சுலின், அதான் ரத்தத்துல இருக்குற சர்க்கரைய செல்லுக்குள்ள அனுப்புற ஹார்மோன், நல்லா வேல செஞ்சுது.

2003ல கொலம்பியா யுனிவர்சிட்டில எண்ணிப் பாத்தாங்க. ஒல்லியானவங்க கொழுப்புல இருக்குற செல்லுங்கள்ல மேக்ரோபேஜ் 10 சதவீதத்துக்கும் கம்மி, ரொம்ப குண்டானவங்களுக்கு கிட்டத்தட்ட 40! மேக்ரோபேஜுன்னா செத்ததெல்லாம் முழுங்கி சுத்தம் பண்ற ஆளு. கொழுப்பு செல்லு ஊதி ஊதி ஒரு கட்டத்துல செத்துடும், எண்ணெய்த் துளி மட்டும் நிக்கும், துளி இவங்கள விட பெருசு, ஒரே வாயில முழுங்க முடியாது, அதனால சுத்தி வளையமா உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா தின்னுவாங்க, மைக்ராஸ்கோப்ல பாத்தா கிரீடம் மாதிரியே இருக்கும், பேரும் அப்படியே வெச்சுட்டாங்க. சும்மாவும் உக்கார மாட்டாங்க, சிக்னல் விட்டுக்கிட்டே இருப்பாங்க, அதுல பக்கத்து செல்லுங்க இன்சுலின் பேச்ச கேக்காம போயிடும். வயித்துக்குள்ள இருக்குற கொழுப்புல இந்த தொல்ல ஜாஸ்தி, அதான் எடையோட இடுப்பையும் அளக்குறோம், நம்ம ஆளுங்கள்ல ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அத தாண்டுனா உஷார்.

சரி, மனுஷனுக்கும் டிஎன்எஃப்ப தடுத்துட்டா சுகர் கொறையுமா? 1996லயே குண்டான சுகர்காரங்களுக்கு டிஎன்எஃப்ப புடிச்சு முடக்குற ஆன்டிபாடி மருந்து போட்டுப் பாத்தாங்க, ஒண்ணும் அசையல. எலிய நம்பி ஏமாறுறது எங்களுக்குப் பழகிப்போச்சு. என்னைக் கேட்டா, விடுற சிக்னல் பத்து இருக்கு, ஒண்ண மட்டும் அடச்சா மத்தது சும்மா இருக்குமா?

அப்ப எடைய கொறச்சா இந்த மேக்ரோபேஜுங்க ஒடனே கெளம்பிடுவாங்கன்னு தான நெனைப்போம்? எலிக்கு தீனிய கொறச்சா மொதல்ல மேக்ரோபேஜ் கூடத்தான் செய்யுது, கரைஞ்சு வர்ற கொழுப்ப அள்ள வர்றாங்க, கரையுறது அடங்குன பெறகுதான் ஒவ்வொருத்தரா எடத்த காலி பண்றாங்க.