ஸ்விப்ட்டுக்கு பிரேக் அப்கிரேட்: காச எங்க போடணும், எங்க போடக்கூடாது

வணக்கம் மக்களே, வண்டி லிப்ட்ல ஏத்தியாச்சு, நாலு வீலும் கழட்டி ஓரமா வச்சாச்சு, பின்னாடி டர்ருன்னு கேக்குறது கம்ப்ரஸர், அத கண்டுக்காதீங்க. இன்னைக்கு நம்ம பெட்ரோல் ஸ்விப்ட்டுக்கு பிரேக் வேலை. மூணாவது ஜெனரேஷன், விஎக்ஸ்ஐ, முன்னாடி வென்டிலேட்டட் டிஸ்க்கு, பின்னாடி டிரம்மு, வீல் லாக் ஆகாம பாத்துக்குற ஏபிஎஸ்ஸும் இருக்கு, அதாவது நம்ம ஊர்ல பாதி வீட்டு வாசல்ல நிக்குற அதே வண்டி தான்.

எல்லாரும் கேக்குறது என்னன்னா, ப்ரோ சிகப்பு கலர் பெரிய கேலிப்பர் (பேட்டால டிஸ்க்க கவ்வி பிடிக்குற பாகம்) போடலாமா, ஓட்ட போட்ட டிஸ்க் வாங்கலாமா, பின்னாடியும் டிஸ்க் மாத்திடலாமா, இந்த மூணு தான். என் பதில இப்பவே சொல்லிடுறேன், திட்டுறவங்க அப்புறமா திட்டிக்கலாம். டெய்லி ஆபீஸ், மார்க்கெட், லீவு நாள்ல மலைன்னு ஓடுற வண்டிக்கு மூணுமே வேணாம். அந்த காசுல கால்வாசி போதும், பிரேக் ஆயில், பேட், டயர், இதுல போடுங்க.

ஏன்னு கேட்டா, வண்டிய நிறுத்துறது கடைசில டயரும் ரோடும் தான். காலியா ஒரு ரோடு, பின்னாடி யாரும் வரல, 40ல போயி ஒரே அமுக்கா அமுக்கி பாருங்க, பெடல் காலுக்கடியில கடகடகடன்னு துடிக்கும், அது ஏபிஎஸ். அது துடிக்குதுன்னா என்ன அர்த்தம், உங்க பிரேக் ஏற்கனவே வீல லாக் பண்ற அளவுக்கு பிடிக்குது, டயரால தான் அதுக்கு மேல ரோட்ட பிடிக்க முடியல. அப்ப நீங்க எவ்ளோ பெரிய கேலிப்பர் போட்டாலும் அந்த ஒரு தடவ நிக்குற தூரம் பெருசா குறையாது, ஏன்னா குறையறதுக்கு அங்க மிச்சம் ஒண்ணும் இல்ல.

அப்ப பிரேக் அப்கிரேட்டே தண்டமான்னா, இல்ல. திரும்ப திரும்ப அடிக்கும்போது வர சூடு இருக்கே, அதுக்குத்தான் அப்கிரேட்டு. ஒரு கணக்கு சொல்றேன் கேளுங்க. கொல்லிமலை எடுத்துக்கோங்க, 70 கொண்டை ஊசி வளைவு, மேல இருந்து காரவள்ளிக்கு இறங்குறப்ப சுமார் 1,000 மீட்டர் உயரம் இறங்குறோம்னு வைங்க. அந்த உயரத்துல இருந்து வர எனர்ஜி, வண்டிய 100 கிலோமீட்டர் ஸ்பீட்ல இருந்து சுத்தமா நிறுத்துற எனர்ஜிய விட 25 மடங்கு. வண்டி வெயிட் எவ்ளோ இருந்தாலும் இந்த 25 மாறாது, ரெண்டு பக்கமும் வெயிட் அடிபட்டு போயிடும். இதுல இன்ஜின் பிரேக்கிங் ஒரு பங்க வாங்கிக்கும், காத்தும் டயர் உருள்றதும் கொஞ்சம் வாங்கிக்கும், ஆனா நியூட்ரல்ல போட்டுட்டு பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு இறங்குற புண்ணியவான்கள் இருக்காங்க பாருங்க, அவங்களுக்கு கிட்டத்தட்ட மொத்தமும் அந்த ரெண்டு டிஸ்க்குலயும் ரெண்டு டிரம்முலயும் தான் இறங்கும். ஏறுன கியர்லயே இறங்குங்கன்னு சும்மா சொல்லல.

இப்ப சூடானா என்ன ஆகும்னா, ரெண்டு விதமா ஆகும், இந்த ரெண்டையும் காலாலயே கண்டுபிடிக்கலாம். ஒண்ணு, பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், எவ்ளோ மிதிச்சாலும் வண்டி வழுக்கிட்டே போகும், தீஞ்ச வாடை வேற வரும், அது பேட் சூடு தாங்காம பிடிப்ப விட்டுட்டது. இன்னொண்ணு, பெடல் பொசுக்குனு உள்ள போயிடும், அது பிரேக் ஆயில் கொதிச்சு லைனுக்குள்ள ஆவி வந்துட்டது, ஆவிய அமுக்கலாம், ஆயில அமுக்க முடியாது, அதனால நீங்க மிதிக்கிறது ஆவிய அமுக்குறதுலயே போயிடும், கேலிப்பருக்கு போய் சேராது. என்னைய கேட்டா ரெண்டாவது தான் பயங்கரம், ஏன்னா அது சொல்லாம கொள்ளாம வரும்.

அதனால மொத வேலை ஆயில். இங்க பாருங்க, மெக்கானிக் அண்ணன் கேலிப்பர்ல இருக்குற நிப்பிள்ல ட்யூப் மாட்டி பழைய ஆயில எடுத்துட்டு இருக்காரு, ட்யூப்ல வர கலர பாருங்க, கடுங்காப்பி மாதிரி இருக்கா? புதுசு இது, பாட்டில்ல, லேசான மஞ்சள், கிட்டத்தட்ட தண்ணி. பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம், காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், மூடி போட்டு வச்சிருந்தாலும் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஏறும். டாட்ன்றது பிரேக் ஆயிலோட கிரேடு. டாட் 3 ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், தண்ணி ஏறுனதுக்கு அப்புறம் அந்த அளவு 140. டாட் 4க்கு 230, தண்ணி ஏறுனா 155. டாட் 5.1க்கு 260, அப்புறம் 180. அதுக்குத்தான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்துங்கன்றது, வண்டி ஓடலன்னாலும் மாத்தணும். செலவு சில நூறு ரூபாயும் லேபரும் தான். நான் டாட் 4 தான் ஊத்துறேன், நம்ம யூஸுக்கு அது தாராளம். ஆனா ஒண்ணு, டாட் 5.1 வேற, வெறும் டாட் 5 வேற, டாட் 5ன்றது சிலிகான், மத்ததோட சேராது, நம்ம வண்டிக்கு ஆகாது, கடையில மாத்தி குடுத்தா வாங்கிட்டு வந்துடாதீங்க. அப்புறம் பெயிண்ட்ல சிந்துனா உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, பெயிண்ட்ட தின்னுடும்.

அடுத்து பேட். ஒரு கடையில ஸ்போர்ட்ஸ் பேட்னு ஜிலுஜிலுன்னு ஒரு டப்பாவ காட்டுனாங்க, உள்ள எடுத்து பாத்தா பேட்ல கோட் எழுத்தே ஒண்ணும் இல்ல. நல்ல பேட்ல பின்பக்கமோ ஓரத்துலயோ ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், எஃப்எஃப், ஜிஎஃப் அப்படின்னு, மொத எழுத்து சாதாரண சூட்டுல பிடிப்பு, ரெண்டாவது நல்லா சூடானதுக்கு அப்புறம். ஈ குறைச்சல், எஃப் நடுவுல, ஜி அதிகம். மலைக்கு போறவங்க ரெண்டாவது எழுத்த தான் பாக்கணும், அது ஈயா இருந்தா வச்சிட்டு வந்துடுங்க. உலோகத்தூள் கலந்த செமி மெட்டாலிக் பேட் சூடு நல்லா தாங்கும், ஆனா கொஞ்சம் கீச்சுனு கத்தும், வீல்ல கருப்பு தூசி படியும். செராமிக் சத்தம் இல்ல, தூசி கம்மி. ரேஸ் பேட் மட்டும் வேணவே வேணாம், அது சூடானா தான் பிடிக்கும், காலைல புள்ளைய ஸ்கூல்ல விட போறப்ப மொத சிக்னல்லயே பிடிக்காது. வெளிநாட்டு பேர பாத்து மயங்கவும் வேணாம், நம்ம சென்னை பாடியில பிரேக்ஸ் இந்தியா 1962ல இருந்து இந்த வேலைய தான் பாத்துட்டு இருக்கு. நான் போடுறது நம்மூர் கம்பெனி செமி மெட்டாலிக்.

பேட் மாத்துறப்ப இத பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு வரேன், இந்த ரெண்டு பின்னு மேல தான் கேலிப்பர் நகரும். இது காஞ்சு போய் மாட்டிக்கிட்டா உள்பக்க பேட் மட்டும் தேஞ்சு தீந்துடும், வெளிப்பக்கம் புதுசு மாதிரியே இருக்கும், பாதி வண்டில பிரேக் பிடிக்கலன்ற கம்ப்ளெயின்ட்டுக்கு இதான் காரணம்னு அண்ணன் சொல்றாரு. துடைச்சுட்டு சிலிகான் கிரீஸ் வைக்கணும், சாதா வீல் கிரீஸ் வச்சா ரப்பர் உப்பிடும். டிஸ்க்குலயும் குறைஞ்சபட்ச திக்னஸ் அச்சடிச்சிருக்கும், அளந்து பாத்தோம், நம்மளுது இன்னும் மேல தான் இருக்கு, அதனால டிஸ்க் மாத்தல. ஓட்ட போட்ட டிஸ்க்கு சூட்டுல அந்த ஓட்டைகிட்ட இருந்தே வெடிப்பு விடும், பாக்க அழகு, அவ்ளோ தான்.

பின்னாடி டிஸ்க்கு கத என்னன்னா, பிரேக் அடிச்சா வெயிட்டு முன்னாடி சாயும், பின்னாடி வீல்ல பாரம் குறைஞ்சிடும். அங்க பிடிப்ப கூட்டுனா பின் வீல் முதல்ல லாக் ஆகி வண்டி சுத்தும். ஏபிஎஸ், முன் பின் வீலுக்கு பிரேக் பலத்த பிரிச்சு குடுக்குற இபிடி எல்லாம் கம்பெனிக்காரன் அந்த டிரம்முக்கு தான் செட் பண்ணி வச்சிருக்கான். பெடல மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டரும் அந்த அளவுக்கு தான், கேலிப்பர்ல பெரிய பிஸ்டன் போட்டா பெடல் இன்னும் கீழ போகும். ஹேண்ட் பிரேக்க எங்க மாட்டுறதுன்றது தனி தலைவலி. இன்சூரன்ஸ்காரன் கிட்டயும் பதில் சொல்லணும்.

டயர் பத்தி சுருக்கமா. இதுல வர்றது 165/80 ஆர்14. மேல் மாடல்ல 185/65 ஆர்15 வருது, மொத்த உயரம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், ஸ்பீடோமீட்டர் மாறாது. டயர் தேஞ்சு எப்படியும் மாத்த போறீங்கன்னா அந்த 15 இன்ச் செட்டுக்கு போங்க, நனைஞ்ச ரோட்டுல நிக்குற வித்தியாசம் அப்ப தெரியும், எந்த சிகப்பு கேலிப்பராலயும் அது வராது.

சரி, வீல் மாட்டியாச்சு. புது பேட் உடனே பிடிக்காது, காலியான பைபாஸ்ல 60க்கு போயி 20 வரைக்கும் அழுத்தி குறைக்கணும், சுத்தமா நிறுத்தக்கூடாது, சூடா இருக்குறப்ப பெடல்ல காலு வச்சிட்டு நின்னா அந்த இடத்துல பேட் ஒட்டி அப்புறம் ஸ்டியரிங் ஆட்டம் குடுக்கும். இத திரும்ப திரும்ப பண்ணிட்டு, அப்புறம் பிரேக் தொடாம கொஞ்ச தூரம் ஓட்டி ஆற விடணும். வாசம் வரும், பயப்படாதீங்க. அண்ணன் சாவிய நீட்டுறாரு, நான் ஒரு ரவுண்டு அத முடிச்சிட்டு வந்துடுறேன், கேமராவ டேஷ்போர்டுல மாட்டுறேன் இருங்க.