ஜிம்மி குவின் ரவுடியா? யார் சொன்னது!

வணக்கம் மக்களே! இன்னைக்கு போட வேண்டியது வேற வீடியோ. ஆனா நேத்து ராத்திரி ஒரு ரீல்ஸ் பார்த்தேன், அதுல இருந்து மனசே ஆறல. 'அந்தக் காலத்து ரவுடி ஃபுட்பால் பிளேயர்ஸ்'னு ஒரு லிஸ்ட், அதுல நம்ம ஜிம்மி குவின் பேரு! ஆரம்பத்துல இருந்து சேனல் பாக்குறவங்களுக்குத் தெரியும், எனக்குப் பிடிச்ச சென்டர் ஃபார்வர்டு, அதாவது நடுவுல நின்னு கோல் அடிக்கிறவர், யாருன்னு கேட்டா யோசிக்காம இவர் பேரைத்தான் சொல்லுவேன்.

புதுசா வந்தவங்களுக்காக: ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பக்கம் குரோய்னு ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1878ல அங்க பொறந்தவர், சுரங்கத்துல வேலை பார்த்தவர். 1901ல கிளாஸ்கோவோட செல்டிக் கிளப்புக்கு ஆட ஆரம்பிச்சார்.

இருங்க, கையில இருக்கிறதைக் காட்டிடறேன். அந்தக் காலத்துல சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வச்சுக் கொடுத்த, குவின் படம் போட்ட அட்டையோட மறுபதிப்பு. வந்துடுச்சு! அட்டை 350 ரூபா, அனுப்புற கூலி 1,900 ரூபா! தீப்பெட்டி அளவு அட்டைக்கு இது அநியாயம். ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை வச்சு அனுப்புங்கன்னு மெயில் மேல மெயில் போட்டேன், வெறும் கவர்ல போட்டு விட்டிருக்காங்க. ஆனா பாருங்க, ஒரு மூலை கூட மடங்கல. கேமரா ஃபோகஸ் ஆகட்டும்... ஆ, இப்ப தெரியுதா? அந்தத் தோளைப் பாருங்க. டிஃபெண்டர் வந்து மோதினா யார் விழுவாங்கன்னு சொல்லவே வேணாம்.

சரி, 1904 ஏப்ரல் 16. ஸ்காட்டிஷ் கப் ஃபைனல், அப்பத்தான் புதுசா திறந்த ஹாம்ப்டன் பார்க் மைதானம், அறுபதாயிரத்துக்கு மேல கூட்டம், எதிர்ல அதே கிளாஸ்கோவோட இன்னொரு கிளப் ரேஞ்சர்ஸ். அவங்க ஆளு ஃபின்லே ஸ்பீடி ரெண்டு கோல் போட்டுட்டார், 2-0. அவ்வளவுதான், முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சிருப்பாங்க. குவின் ஒண்ணு போட்டார், இடைவேளைக்குள்ள இன்னொண்ணும் போட்டார், கடைசியில மூணாவது. 3-2! எனக்கு இப்பவும் புல்லரிக்குது.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். குவின் அப்போ லெஃப்ட் விங்ல ஆடுறவர். வழக்கமா நடுவுல ஆடுற அலெக் பென்னட் ரேஞ்சர்ஸுக்குப் போகப் போறார்னு பேச்சு. அதனால அவரை உட்கார வச்சுட்டு, மேனேஜர் வில்லி மேலி குவினை நடுவுக்குக் கொண்டு வந்தார். பென்னட் 1908ல நிஜமாவே ரேஞ்சர்ஸுக்குப் போயிட்டார், அது தனிக் கதை.

இப்ப அந்த ரவுடி விஷயத்துக்கு வரேன். 1905 கப் அரையிறுதி, மறுபடியும் ரேஞ்சர்ஸ். கீழ விழுந்த ரேஞ்சர்ஸ் ஆளு அலெக் கிரெய்க் குவின் காலைப் பிடிச்சுக்கிட்டார், இவர் உதறினார், ரெஃப்ரி அதை உதைன்னு நினைச்சு வெளியே அனுப்பிட்டார். சிவப்பு அட்டையே இல்லாத காலம், போன்னு சொன்னா போகணும். கூட்டம் கிரவுண்டுக்குள்ள புகுந்துடுச்சு, செல்டிக் மேட்ச்சை விட்டுக் கொடுத்தாங்க. அப்புறம் விசாரணையில குவினுக்கு ஆதரவா சாட்சி சொன்னது யார் தெரியுமா? கிரெய்க்! எதிரணி ஆளே அவர் என்னை உதைக்கலன்னு சொல்றார், அப்பவும் சஸ்பெண்ட் பண்ணாங்க. எனக்கு ஆத்திரம் வருதா இல்லையா, நீங்களே சொல்லுங்க. 1907 புத்தாண்டு மேட்ச்லயும் வெளியே அனுப்பினாங்க, அப்போ ரசிகர்களே காசு வசூல் பண்ணிக் கொடுத்தாங்க. அந்த ஊர் ஜனங்க அவரை எப்படிப் பார்த்தாங்கன்னு இதுலயே தெரியுது.

ரீல்ஸ் போட்டவர் இதுல ஒரு வரி கூடச் சொல்லல. 1905ல இருந்து 1910 வரைக்கும் செல்டிக் தொடர்ந்து ஆறு லீக் பட்டம் ஜெயிச்சது, நடுவுல நின்னு அடிச்சது இவர்தான். லீக்ல மட்டும் 187 கோல். ஸ்காட்லாந்துக்கு 11 மேட்ச்ல 7 கோல், அதுல நாலு 1908ல டப்ளின்ல அயர்லாந்துக்கு எதிரா ஒரே மேட்ச்ல! ஹாம்ப்டன்ல 1910ல இங்கிலாந்தை 2-0ன்னு ஜெயிச்சப்போ ரெண்டாவது கோலும் இவர்தான்.

அடி கொடுத்த கதையை மட்டும் சொல்றாங்க, வாங்கின அடியை யாரும் சொல்றதில்ல. முட்டி போய்த்தான் 1915ல ஆட்டத்தை விட்டார். அப்புறம் குரோய்லயே இருந்து திரும்ப சுரங்க வேலைக்குப் போனார், 1945ல இறந்தார்.

அந்த முதல் கோல் போட்ட ஜிம்மி மக்மெனமி பத்தி அடுத்த வீடியோ. ஓ, சொல்லவே இல்லையே, 1910 மேட்ச்ல முதல் கோல் அவர்தான். குவின் பத்தி யாராவது தப்பாப் பேசினா இந்த வீடியோ லிங்கை அனுப்புங்க மக்களே!