சாத்தானின் வக்கீல் இருந்த நாற்காலி

எல்லோருக்கும் வணக்கம்.

வேளாங்கண்ணிக்குப் போனவர்கள் அங்குள்ள காணிக்கைப் பொருள் காட்சியகத்தைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளியில் செய்த கண், கை, கால் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குடும்பத்தின் அழுகையும் நன்றியும் இருக்கிறது. செப்டம்பர் திருவிழாவுக்கு நடந்தே போன குடும்பம்தான் எங்களுடையதும். அங்கே யாரும் யாரையும் விசாரிப்பதில்லை, விசாரிக்கவும் வேண்டாம். பிள்ளை பிழைத்ததற்கு ஒரு தாய் நன்றி சொல்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு திருச்சபையே "இது புதுமை", அதாவது கடவுள் செய்த அற்புதம், என்று உலகத்துக்கு அறிவித்து, அதை வைத்து ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கிறது என்றால், அங்கே விசாரணை வேண்டும். வழக்கைக் கொண்டுவருவதும் அவர்கள், விசாரிப்பதும் அவர்கள், தீர்ப்புச் சொல்வதும் அவர்கள். இதில் நடுநிலை எப்படி வரும் என்று நீங்கள் கேட்பது நியாயம். நானும் கேட்டவன்தான். கனடாவில் நடந்த ஒன்றைப் படித்த பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறியது.

1980களின் நடுவில், ஜாக்கலின் டஃபின் என்ற ரத்தநோய் மருத்துவரிடம் எலும்பு மஜ்ஜை ஸ்லைடுகள் சிலவற்றைக் கொடுத்து, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். யாருடையவை, எதற்காக என்று எதுவும் சொல்லவில்லை. அவர் பார்த்தார். மிகக் கொடிய வகை ரத்தப் புற்றுநோய். சிகிச்சையில் அடங்கி, திரும்பவும் தலைதூக்கி, மறுபடி அடங்கியிருந்தது. இந்த நோயாளி எப்போதோ இறந்திருப்பார், ஏதோ வழக்குக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அறிக்கை எழுதினார்.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. அந்தப் பெண் பல ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார். 18ஆம் நூற்றாண்டில் கனடாவில் துறவற சபை ஒன்றை நிறுவிய மார்கெரித் த யூவில் அம்மையாரிடம் வேண்டிக்கொண்டதால் பிழைத்தேன் என்று நம்பினார். அதைப் புதுமையாகக் காட்டி அம்மையாருக்குப் புனிதர் பட்டம் கேட்ட இந்த வழக்கை ரோமின் மருத்துவக் குழு முதலில் ஏற்கவில்லை என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. முதல் சிகிச்சையில் நோய் அடங்கவே இல்லை, இரண்டாவதில்தான் முதன்முறையாக அடங்கியது, அப்படிப் பிழைப்பவர்கள் உண்டு, இதில் புதுமை எதுவும் இல்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். வழக்கின் பின்னணி எதுவும் தெரியாத ஒரு மருத்துவர் ஸ்லைடுகளைப் பார்த்துச் சொன்னால் மறுபடி யோசிக்கலாம் என்றார்கள். அந்த ஒருவர்தான் டஃபின். திருச்சபையின் விசாரணை மன்றத்தின் முன் சாட்சி சொல்லப் போனபோது, தனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதற்காக யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மருத்துவத்தால் இதை விளக்க முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். அவரால் விளக்க முடியவில்லை. 1990இல் அம்மையார் புனிதரானார். டஃபின் பின்னாளில் வத்திக்கான் ஆவணங்களில் 1,400க்கும் மேற்பட்ட புதுமைகளைப் பற்றிய பதிவுகளை ஆராய்ந்து எழுதினார். கடவுள் நம்பிக்கை அவருக்கு வரவில்லை.

"விளக்கத் தெரியவில்லை" என்பதுவரை டாக்டரின் வேலை. அங்கிருந்து "கடவுள் செய்தார்" என்று வைக்கும் அடி, நம்பிக்கை வைக்கும் அடி. நானும் அந்த அடியை வைக்கிறவன். ஆனால் அதை விசாரணை முடிவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதற்கு முந்தைய பகுதி நியாயமாக நடக்க முடியும், நடந்திருக்கிறது. விசாரித்தவர்கள் எல்லோரும் மனத்தளவில் நடுநிலையாளர்கள் என்பதால் அது நடக்கவில்லை. "இல்லை" என்று சொல்ல உள்ளே ஆள் இருந்தது, அதனால் நடந்தது.

அந்த ஆளுக்கு ஒரு காலத்தில் பதவியே இருந்தது. 1587இல் திருத்தந்தை (போப்) ஐந்தாம் சிக்ஸ்துஸ் ஏற்படுத்தியது. சாத்தானின் வக்கீல் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். புனிதராக முன்மொழியப்பட்டவரின் வாழ்க்கையிலும் புதுமையிலும் ஓட்டை தேடுவதே அவர் வேலை. 1983இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் நடைமுறையை எளிதாக்கினார். பதவியின் பெயர் நீடித்தது, எதிர்வாதம் செய்யும் வேலை போய்விட்டது. அவர் ஒருவரே தம் காலத்தில் 482 பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் சில விதிகளை இறுக்கினார். ஏழு மருத்துவர் இருந்தால் ஐந்து பேராவது ஒப்ப வேண்டும், அவர்களுக்கான பணம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். நல்ல காரியம். இருந்தும் அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது.

அன்னை தெரசாவின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரைக் கடுமையாக விமர்சித்த கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸை அழைத்துச் சாட்சியம் வாங்கினார்கள். பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் சாட்சி தன் பங்குக்குப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். வக்கீல்தான் வழக்குக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகக் கேள்வி கேட்பார். புதுமையாக ஏற்கப்பட்டது மேற்கு வங்கத்துப் பழங்குடிப் பெண் ஒருவர் குணமானது. அவருக்குச் சிகிச்சை தந்த அரசு மருத்துவர்களோ, மருந்தில்தான் குணமானது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். 2003இல் அன்னைக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்தது. அந்த டாக்டர்களின் வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, இதற்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது என்று உள்ளே உட்கார்ந்து பிடிவாதம் பிடிப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் இருந்திருக்க வேண்டும். அன்னையை நேசிக்கிறவன் என்பதால்தான் இதைக் கேட்கிறேன்.