புத்தகம் திறக்கட்டும்

(மரித்தோர் மாதமான நவம்பரில் மட்டக்களப்பில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "இறுதித் தீர்வை பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கை நமக்குத் தருவது அச்சமா, ஆறுதலா?" இறுதித் தீர்வை என்றால் உலக முடிவில் கிறிஸ்து எல்லாருக்கும் வழங்கும் தீர்ப்பு. ஆறுதல் அணியின் உரை.)

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோரே, வாவிக்கரைக் காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் என் சனமே, வணக்கம். தந்திருப்பது பத்து நிமிடம். நேரே விசயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் வந்ததும் வராததுமாகத் திரையில் ஒரு படத்தைப் போட்டார். உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் பீடச் சுவரில் மைக்கலாஞ்சலோ 1536 முதல் 1541 வரை தீட்டிய இறுதித் தீர்வை. நடுவில் கிறிஸ்து கையை ஓங்கி நிற்கிறார். ஒருபக்கம் ஆன்மாக்கள் மேலேறுகின்றன, மறுபக்கம் பிசாசுகள் பிடித்துக் கீழே இழுக்கின்றன. "பார்த்தாலே ஈரக்குலை நடுங்குதா இல்லையா?" என்று கேட்டார். முன்வரிசைப் பிள்ளைகள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

ஐயா, அரைவாசியோடு நிறுத்திவிட்டீர்கள். அதே சுவரின் வலது பக்கம், அடி மூலைக்கு வாருங்கள். அங்கே ஒருவர் நிற்கிறார். உடம்பைச் சுற்றிப் பாம்பு. தலையில் இரண்டு கழுதைக் காது! யார் அவர்? பியாஜோ தா செசேனா. சாதாரண ஆள் இல்லை, பாப்பரசர் மாளிகையின் சடங்குகளுக்கெல்லாம் தலைவர். ஓவியம் முடியும் தறுவாயில் பாப்பரசர் மூன்றாம் பவுலோடு பார்க்க வந்தார். அண்ணாந்து பார்த்தார். "சீ, இத்தனை அம்மண உருவமா? இது கோயிலுக்கு ஆகாது. குளிக்கிற மண்டபத்துக்கும் மதுக்கடைக்கும்தான் சரி" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் ஓவியர் தூரிகையை எடுத்தார். பியாஜோவின் முகத்தை நினைவிலிருந்தே அப்படியே வரைந்தார். எங்கே வரைந்தார்? நரகத்தில்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உரோமை நகரமே திரண்டு வந்து பார்க்கப்போகும் சுவர். அதில் உங்கள் மூக்கு, உங்கள் வாய், கழுதையின் காது. மனிதன் என்ன செய்வார்? பாப்பரசரிடம் ஓடினார். "பரிசுத்த தந்தையே, என்னை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள்!" பாப்பரசர் கேட்டாராம்: "உம்மை எங்கே போட்டிருக்கிறார்?" "நரகத்தில், தந்தையே." "அடடா, உத்தரிக்கிற ஸ்தலத்தில் போட்டிருந்தால் ஏதாவது செய்து வெளியே எடுத்திருப்பேன். நரகத்தில் எனக்கு அதிகாரம் இல்லையே!"

உத்தரிக்கிற ஸ்தலம் என்றால் ஆன்மாக்கள் மோட்சம் போகுமுன் தூய்மையாகும் இடம், அங்கிருந்து வெளியே வரலாம், நரகத்திலிருந்து வர முடியாது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தரம் சொல்கிறேன். பாப்பரசர் சொன்னாராம், "நரகத்தில் எனக்கு அதிகாரம் இல்லை." அந்த முகம் இன்றைக்கும் அந்தச் சுவரில் கழுதைக் காதோடுதான் இருக்கிறது.

பாப்பரசருக்கே இல்லாத அந்த அதிகாரம் நம் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது பாருங்கள்! எல்லைக் கதியாலை அரை அடி தள்ளி நட்டவனை நரகத்துக்கு அனுப்புகிறோம். கலியாணவீட்டுக்குச் சொல்லாத மச்சானை அனுப்புகிறோம். வேறு சபைக்குப் போகிறவளை அனுப்புகிறோம். நடுவர் அவர்களே, எதிரணி காட்டிய பயம் இருக்கிறதே, அது கடவுள் தந்த பயமல்ல. தூரிகையை நம் கையில் எடுத்ததால் வந்த பயம். அந்தத் தூரிகை உன் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை. பின் யார் கையில்? உரோமை ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் முன்னால் கட்டுண்டு நின்ற இயேசுவின் கையில். அநியாயத் தீர்ப்பு என்றால் என்ன என்று தன் உடம்பிலேயே அனுபவித்தவர்தான் அங்கே நீதிபதி. எனக்கு இதைவிட என்ன ஆறுதல் வேண்டும்?

இனி, எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பிக்கு வருகிறேன். அவர் சொன்னதற்குத்தான் இன்றைக்கு ஆகக்கூடிய கைதட்டல். "நம்மட கோட்டில காணி வழக்கு இருபது வருசம் தவணை போகும். இவங்கட தீர்ப்பு ரெண்டாயிரம் வருசமாத் தவணை போகுது. நீதவானே இன்னும் கோட்டுக்கு வரல்ல!" என்றார்.

தம்பி, நீங்கள் எந்த அணி? அச்சம் அணி. நீதவான் வரவே மாட்டார் என்றால் நீங்கள் எதற்கு ராசா பயப்படுகிறீர்கள்? எங்கள் பக்கம் அடிக்க வந்து, உங்கள் கோலுக்குள்ளேயே பந்தைத் தள்ளிவிட்டீர்கள்!

தவணை என்று கேலி பண்ணியது நீங்கள் முதல் ஆள் இல்லை. பேதுருவின் இரண்டாம் திருமுகம் எழுதப்பட்ட காலத்திலேயே "எங்கே அவர் வருகை?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அங்கேயே பதிலும் இருக்கிறது: அவர் காலம் தாழ்த்தவில்லை, யாரும் அழிந்துபோகாமல் எல்லாரும் மனம் மாற வேண்டுமென்று பொறுமையாக இருக்கிறார். இங்கே தவணை யாருக்கு உதவுகிறது? காசு உள்ளவனுக்கு. அங்கே தவணை குற்றவாளிக்குத் திருந்தத் தந்த நேரம். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வனுக்குக் கிடைத்தது கடைசிச் சில மணி நேரம். அது அவனுக்குப் போதுமாக இருந்தது. இன்னொன்று, கத்தோலிக்க மறைக்கல்வி படித்தவர்களுக்குத் தெரியும்: இறந்த உடனேயே தனித்தீர்வை, உலக முடிவில் பொதுத்தீர்வை. 1336இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பெனடிக்ற் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். ஆகவே யாரும் கோட்டு வாசலில் ரெண்டாயிரம் வருசம் குந்திக்கொண்டிருக்கவில்லை.

கோடு, வழக்கு என்று தொடங்கியதால் இதையும் கேளுங்கள். 1758இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் நகரில், வழக்கு விசாரிக்க வந்த நீதிபதியின் முன்னாலேயே, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய போதகர் ஜான் வெஸ்லி இறுதித் தீர்ப்பைப் பற்றிப் பிரசங்கித்தார். "நாமெல்லாரும் கிறிஸ்துவினுடைய நியாயாசனத்திற்கு முன்பாக நிற்போமே" என்பது அவர் எடுத்த வசனம். எல்லாரும் என்றால் நீதிபதியும்தான். அவருடைய மெதடிஸ்த சபையிலிருந்து வில்லியம் ஓல்ட் என்ற போதகர் 1814இல் இந்த மட்டக்களப்புக்கு வந்தார், அடுத்த வருசமே இங்கே காலமானார். இந்த நம்பிக்கையை நம்பி நம் மண்ணில் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள், தம்பி.

அந்த நாளில் என்ன கேட்பார்கள் என்று மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், இல்லாதவனுக்கு உடுப்பு, நோயாளியையும் சிறையில் கிடப்பவனையும் போய்ப் பார்த்தாயா. வினாத்தாளை முதலே தந்த பரீட்சை அது. இதைச் செய்யாமல் இடப்பக்கம் நிற்பவர்களுக்குக் கடுமையான வார்த்தை இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் செய்துவிட்டு வலப்பக்கம் நிற்பவர்களைப் பாருங்கள், "ஆண்டவரே, எப்போது செய்தோம்?" என்று கேட்கிறார்கள். செய்த நன்மை அவர்களுக்கே ஞாபகமில்லை. அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

மணி அடிக்கிறீர்கள், நடுவர் ஐயா. இன்னும் ஒரு நிமிடம் தாருங்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. நம் கடற்கரையில் நாவலடிக்கும் கல்லடிக்கும் நடந்ததை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடல்கூடக் கிடைக்காத பிள்ளைகள் எத்தனை. கிடங்கு வெட்டிப் புதைக்கவும் இல்லை, கல்லறையில் பெயர் எழுதவும் இல்லை. பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் 20ஆம் அதிகாரத்தில், ஒவ்வொருவரும் செய்ததை எழுதிய புத்தகங்கள் தீர்ப்புக்காகத் திறக்கப்படுகின்றன. அங்கேயே ஒரு வரி வருகிறது: கடல் தன்னிடமிருந்த இறந்தோரை ஒப்படைத்தது. மற்ற ஊர்க்காரர் இதை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார்கள். நம்மால் போக முடிகிறதா?

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் காந்தி பூங்காவில் உட்காரும் தாய்மாரில் ஒருவர் என்னோடு பேசினார். மடியில் மகனின் படம், மேலே பிளாஸ்ரிக் உறை, மூலை நாலும் வெளுத்துப் பிரிந்து போயிருந்தது. பேசப்பேச முந்தானையால் அந்த உறையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "மனே, இஞ்ச எல்லா இடமும் கேட்டாச்சு. ஒருத்தரும் சொல்றாங்க இல்ல. அந்த நாளையில புத்தகம் திறப்பாங்களாமே. அதில என்ட புள்ளைட பேர் இருக்கும். ஆர் கொண்டு போன, எங்க கொண்டு போன எண்டும் இருக்கும். அண்டைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டத்தானே வேணும்?"

எதிரணி நண்பர்களே, புத்தகம் திறக்கும் என்றால் உங்களுக்குப் பயம். அவவுக்கு மிச்சமிருக்கிறதே அது ஒன்றுதான். அந்தத் தாயிடம் போய், "அது பயங்கரமான நாள் அம்மா, வராமல் இருந்தால் நல்லது" என்று சொல்ல உங்களில் யாருக்கு வாய் வரும்? வருமென்றால் நான் விலகி நிற்கிறேன். வந்து இந்த ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.